சின்ன பட்ஜெட்டில் ஒரு விண்கலத் திட்டத்தை நடத்துவது எப்படி

என்னிடம் வருகிற மாணவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும் மேடம்?" என்றுதான். நான் தொகை சொல்வதில்லை. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உங்க கருவி மேல போய் என்ன செஞ்சா அது ஜெயிச்சதா அர்த்தம்? ஒரே வாக்கியத்துல எழுதுங்க" என்பேன். மதுரை திருநகரில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு மூன்று சாயங்காலங்களைச் செலவழித்த குழுக்கள் உண்டு. வாக்கியத்தில் 'மற்றும்' வந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பெங்களூரில் 24 வருடம், செயற்கைக்கோள் கருவிகளை ஒன்றுசேர்த்துச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஊருக்குத் திரும்பிச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் ஒன்பது பேர் கொண்ட குழுவுக்குத் துணையாக இருக்கிறேன். அவர்கள் செய்துகொண்டிருப்பது கதிர்வீச்சை எண்ணுகிற ஒரு சின்னக் கருவி, டிபன் பாக்ஸ் அளவு. நாளைக்கு நிலவில் ஓடப்போகும் ஒரு ரோவரின் எலெக்ட்ரானிக்ஸ் எவ்வளவு அடி வாங்கும் என்று தெரிந்துகொள்ள இது ஒரு முதல் படி. டிபன் பாக்ஸ் ஆனாலும் செவ்வாய்க்குப் போகும் கலம் ஆனாலும், குறைந்த பணத்தில் நடத்துகிற முறையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். பணம் குறைவாக இருக்கும்போது வெட்ட வேண்டியது ஆசையை. சோதனையில் கை வைக்கக் கூடாது. நான் பார்த்த, படித்த தோல்விகளில் பாதிக்கு மேல், ஆசையை அப்படியே வைத்துக்கொண்டு சோதனையை வெட்டியதால் வந்தவை.

ஒற்றை வாக்கியம்

மங்கள்யானை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 450 கோடி ரூபாய். திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், நம் தெற்குச் சீமைக்காரர். அந்தத் திட்டத்தின் முதல் நோக்கம் செவ்வாயைச் சுற்றும் பாதைக்குள் போய் நிற்பது. அறிவியல் அதற்குப் பிறகுதான். 1,337 கிலோ எடையுள்ள கலத்தில் ஆய்வுக் கருவிகள் ஐந்து, எல்லாம் சேர்ந்தே 15 கிலோ அளவுதான். 'இன்னொரு கேமரா வைப்போமே, இன்னொரு கருவி வைப்போமே' என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்களா என்ன? கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொன்னதில்தான் அந்தச் சிக்கனம் இருக்கிறது.

ராக்கெட்டும் அப்படித்தான். நம்பி ஏற்றக்கூடியது பி.எஸ்.எல்.வி. ஆனால் அதற்கு ஒரு கலத்தை நேராகச் செவ்வாய்க்கு எறியும் பலம் கிடையாது. அதனால் கலம் பூமியைச் சுற்றிக்கொண்டே தன் சொந்த எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக இயக்கிப் பாதையை உயர்த்தி, 2013 டிசம்பர் 1 அன்று பூமியை விட்டுக் கிளம்பியது. ஏறத்தாழ ஒரு மாதம் கூடுதலாக ஆனது, ஆனால் புது ராக்கெட்டுக்குக் காத்திருக்கவில்லை. கலத்தின் உடற்கட்டும் சந்திரயான்-1ஐ ஒட்டியது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதை எவ்வளவு குறைக்கிறீர்களோ, அவ்வளவுக்குச் சோதனைக்குப் பணம் மிஞ்சும்.

எங்கள் பிள்ளைகளின் முதல் வாக்கியத்தில் கதிர்வீச்சு, வெப்பநிலை, காந்தப்புலம், ஒரு குட்டி கேமரா எல்லாம் இருந்தன. இப்போது இருப்பது இது: "90 நாள், நிமிடத்துக்கு ஒருமுறை, கதிர்வீச்சு எண்ணிக்கையைக் கீழே அனுப்ப வேண்டும்." கேமராவை எடுத்த அன்று ஒரு பையன் மதியம் சாப்பிடவே இல்லை. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த கேமராவுக்கு ஒரு தனி ஒயர், தனி மென்பொருள், தனி சோதனை, படத்தை அனுப்ப அதிகத் தரவு, அதற்கு அதிக மின்சாரம். ஒரு பொருளைச் சேர்த்தால் அதன் சொந்தபந்தம் முழுவதும் கூடவே வந்து உட்காரும்.

பணம், எடை, மின்சாரம்

இவை மூன்றுக்கும் ஒரே விதி: ஒதுக்கி வையுங்கள். கல்யாணத்தில் பந்திக்கு 500 பேர் என்று எழுதினால் 600 இலை வாங்குகிறோம் இல்லையா, அந்தக் கணக்குதான். தொடக்கத்தில், கணக்குப் போட்டு வந்த எடைக்கு மேல் கால் பங்கு விட்டு வையுங்கள். பணத்திலும் கால் பங்கை யார் கண்ணிலும் படாத இடத்தில் வையுங்கள். வேலை முன்னேற முன்னேற அந்த ஒதுக்கீட்டைக் கொஞ்சமாக அவிழ்க்கலாம், ஆனால் அதை அவிழ்க்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். எடைக் கணக்கில் எல்லோரும் விட்டுவிடுவது ஒயர், கனெக்டர், ஸ்க்ரூ, பசை. இவற்றை வாங்கி வந்து தராசில் வைத்துப் பாருங்கள், நம்ப மாட்டீர்கள்.

பணத்தைத் தின்பது பொருள்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் தின்பது மாதங்கள். திட்டத்தில் சம்பளம் வாங்குகிற பதினைந்து பேர் இருந்தால், ஒரு மாதத் தாமதம் என்பது பதினைந்து சம்பளம். அதனால் தேதியை முதலில் அடியுங்கள்.

எங்கள் ஊரில் இதை விளக்குவது சுலபம். சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவார். பந்தல் முடியவில்லை, மண்டகப்படிக்கு ஆள் வரவில்லை என்பதற்காக பௌர்ணமி தள்ளிப்போகாது. செவ்வாய்ப் பயணமும் அதே மாதிரி வானத்தைப் பார்த்து வைத்த தேதிதான். பூமியும் செவ்வாயும் தோதான இடத்துக்கு வருவது சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை. மங்கள்யான் திட்டம் அறிவிக்கப்பட்டது 2012 ஆகஸ்ட் 15. ஏவியது 2013 நவம்பர் 5. நடுவில் பதினைந்து மாதம்கூட இல்லை. தவறவிட்டிருந்தால் 2016 வரை எல்லோருக்கும் சம்பளம் கொடுத்துக்கொண்டு காத்திருந்திருக்க வேண்டும்.

ஆக, ஏவும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சோதனைக்கான வாரங்களை முதலில் காலண்டரில் அடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் நாள்களில் எதைச் செய்ய முடியுமோ அதுதான் உங்கள் திட்டம். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு மிச்ச நாளில் சோதிக்கலாம் என்று இருக்கிறார்கள். மிச்ச நாள் என்று ஒன்று எந்தத் திட்டத்திலும் வந்ததில்லை.

எதை வாங்குவது, எதை ஊரிலேயே செய்வது

கடையில் கிடைப்பதை வைத்து விண்வெளிக்குப் போக முடியுமா? முடியும், போயிருக்கிறார்கள். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரில் இருந்த சோஜர்னர் ரோவர் 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். அது லேண்டருடன் பேசியது சந்தையில் விற்ற ரேடியோ மோடம் வழியாக. செவ்வாயில் பறந்த இன்ஜெனுய்ட்டி ஹெலிகாப்டர் 1.8 கிலோ. அதன் மூளை செல்போனில் வருகிற ஸ்னாப்டிராகன் சில்லு. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள், 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த செல்போன் சில்லைத் தனியாக விடவில்லை. அதை மேற்பார்க்க, கதிர்வீச்சைத் தாங்கக்கூடிய வேறு சில்லும் வைத்திருந்தார்கள். குழந்தை மலிவாக இருக்கலாம், பார்த்துக்கொள்கிற பாட்டி கெட்டியாக இருக்க வேண்டும். எங்கள் டிபன் பாக்ஸிலும் அப்படித்தான். கருவியை இயக்குவது சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் சில்லு, ஆனால் மின்சாரம் திடீரென்று எகிறினால் இணைப்பைத் துண்டித்து மறுபடி கொடுக்கிற ஒரு தனிச் சுற்று இருக்கிறது. கதிர்வீச்சுத் துகள் ஒன்று சில்லுக்குள் புகுந்து உள்ளேயே ஷார்ட் ஆக்கிவிட்டால், மின்சாரத்தை நிறுத்திக் கொடுப்பதுதான் வைத்தியம்.

ஊரில் இருப்பதைத் தேடுவதில் எனக்கு மிகவும் பிடித்த கதை நாமக்கல் மண். சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் கிலோவுக்கே பெரிய விலை. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் இருக்கிற அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டு நிலப் பாறையோடு ஒத்துப்போகும் என்பது நம் புவியியல்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை உடைத்து, அரைத்து, சலித்துக் கொடுத்தார்கள். 50 டன் அளவு போனது.

மதுரையில் எங்களுக்கு அப்படி வாய்த்தது கே.புதூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. அலுமினியப் பெட்டியை அங்கேதான் கடைந்தோம். பட்டறைக்கார அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல். வரைபடத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பென்சிலால் உள்மூலையைத் தொட்டார். "ஏம்மா, இந்த மூலைய இப்படிக் கூரா விட்டா நாளைக்கு ஆடுறப்ப இங்கதானம்மா விரிசல் விடும். ஒரு ரவுண்டு குடுத்துக்குவமா?" பிள்ளைகள் கம்ப்யூட்டரில் மூன்று நாள் ஓட்டிப் பார்த்த கணக்கிலும் அந்த மூலைதான் சிவப்பாக வந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அண்ணனையும் ரிவ்யூவுக்குக் கூப்பிடுங்கள் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். இப்போது வருகிறார், டீக்குக் காசு வாங்க மாட்டார்.

அளவுகள்

இதற்குத் தனி இடம் கொடுக்கிறேன். 1999 செப்டம்பர் 23 அன்று மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற நாசா கலம் செவ்வாயில் தொலைந்தது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் கொடுத்தது, வாங்கிக்கொண்ட மென்பொருள் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கும் மற்றதற்கும் நாலரை மடங்கு வித்தியாசம். ஒன்பது மாதப் பயணத்தில் அந்தப் பிழை சேர்ந்துகொண்டே வந்து, கலம் செவ்வாய்க்கு மிகவும் தாழப் போய்விட்டது.

படித்துவிட்டு, 'நாங்கள் இப்படிச் செய்ய மாட்டோம்' என்று எல்லோரும் நினைப்போம். எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். ராக்கெட்டின் குலுக்கலைத் தரையிலேயே கொடுத்துப் பார்க்கிற அதிர்வு மேசையில் பெட்டியைப் பொருத்த ஓர் இரும்புத் தகடு தேவைப்பட்டது. வரைபடத்தில் 10 மில்லிமீட்டர் ஓட்டை, அதற்கு ஏற்ற போல்ட். ஹார்டுவேர் கடைக்குப் போன பையன் ஓட்டையைக் கையால் காட்டிக் கேட்டிருக்கிறான், கடைக்காரர் 'மூணு நூல்' போல்ட் கொடுத்துவிட்டார். நம் பட்டறைகளில் இன்றைக்கும் பேச்சு நூலில்தான். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. மூணு நூல் என்றால் 9.5 மில்லி. போல்ட் ஓட்டைக்குள் போகும், மறையை முறுக்கினால் பிடிக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அரை மில்லி ஆட்டம் இருக்கும். அதிர்வு மேசை ஓடத் தொடங்கியதும் கேட்ட 'டக டக' சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்று நினைத்து, அரை நாள் பெட்டியைப் பிரித்துத் தேடினோம். சோதனைக்கூடத்தின் வாடகை நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் எந்த எண்ணும் அலகு இல்லாமல் போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் '10' என்று மட்டும் வந்தால் யாரும் பதில் போட மாட்டார்கள். மெக்கானிக்கல் குழுவுக்கும் எலெக்ட்ரானிக்ஸ் குழுவுக்கும் நடுவே ஒரு தாள் இருக்கிறது: எந்த ஒயர் எந்த முனைக்கு, எத்தனை வோல்ட், எந்த ஸ்க்ரூ, எவ்வளவு இறுக்கம். இரண்டு பக்கமும் கையெழுத்து. அந்தத் தாளை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும்.

சோதனை

சரி, இப்போது மனசுக்கு நெருக்கமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

முதல் விதி: காற்றில்லாத இடத்தில் வைத்துச் சோதியுங்கள். காற்றில்லாத இடம் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் கருவியின் எலெக்ட்ரானிக்ஸ் போர்டு, கல்லூரி லேபில் மாதக்கணக்கில் நன்றாக ஓடியது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் கண்ணாடி மூடியின் கீழ் வைத்துப் பார்த்தோம், தாங்கியது. மொட்டைமாடிச் சோதனை இலவசம், கட்டாயம் செய்யுங்கள், தரமில்லாத பாகங்கள் அங்கேயே விழுந்துவிடும். அப்புறம் வெற்றிட அறைக்குக் கொண்டுபோனோம். கதவை மூடிக் காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். அறையில் இருந்த சூடு அப்படியேதான் இருந்தது, ஆனால் போர்டில் மின்னழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கிற ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டரின் வெப்பநிலை மட்டும் திரையில் ஏறிக்கொண்டே போனது. அரிசி மணி அளவுச் சில்லு. இருபது நிமிடத்தில் தொடக்கூடாத சூட்டுக்குப் போய்விட்டது. இத்தனை நாளும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது சுற்றியிருந்த காற்று. மேலே அந்தக் காற்று கிடையாது. வெப்பம் வெளியேற இரண்டே வழி: தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தின் வழியாகக் கடத்துவது, அல்லது கதிராக வீசுவது.

மேலமாசி வீதிப் பக்கம் ஓர் எலெக்ட்ரிக்கல் கடையில் செப்புப் பட்டை வாங்கி, சில்லுக்கும் பெட்டிச் சுவருக்கும் பாலம் போட்டோம். நடுவில் வெப்பம் கடத்துகிற, ஆனால் மின்சாரம் கடத்தாத மெல்லிய பட்டை. மறுமுறை சூடு ஒரு கட்டத்தில் ஏறி நின்றது. செலவு சில நூறு ரூபாய். அந்த வெற்றிட அறை வாடகை எங்கள் பட்ஜெட்டிலேயே பெரிய தொகை, அதை வெட்டச் சொன்னவர்கள் உண்டு. வெட்டியிருந்தால், ஏவிய முதல் அரைமணி நேரத்தில் எங்கள் கருவி வெந்து போயிருக்கும். காரணமும் கடைசிவரை தெரிந்திருக்காது.

இரண்டாவது விதி: திறந்து மூடினால் அது புதுக் கருவி. 1999 டிசம்பரில் மார்ஸ் போலார் லேண்டர் இறங்கும்போது தொலைந்தது. விசாரணையில் மிகவும் வாய்ப்புள்ள காரணமாக வந்தது இது: கால்கள் விரியும் அதிர்ச்சியிலேயே 'தரையைத் தொட்டாச்சு' என்ற பொய்ச் சைகை பதிவாகி, தரைக்குச் சுமார் 40 மீட்டர் உயரத்தில் எஞ்சின் அணைந்திருக்கலாம். இதைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டிய சோதனை ஒன்று நடந்தது, ஆனால் அதில் உணரிகளின் ஒயரிங் தப்பாக இருந்தது. ஒயரிங்கைச் சரிசெய்தார்கள். சோதனையை மறுபடி செய்யவில்லை. இந்தக் கடைசி வரியை எங்கள் லேப் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஜப்பானின் தனியார் லேண்டர் ஹகுட்டோ-ஆர் 2023 ஏப்ரலில் நிலவில் விழுந்ததும் இதே வகைதான். வடிவமைப்பு ரிவ்யூ முடிந்த பிறகு இறங்கும் இடத்தை மாற்றினார்கள். புது வழியில் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பைத் தாண்ட வேண்டியிருந்தது. அங்கே தரை சட்டென்று கீழே போனதும், உயரமானி சொன்ன சரியான அளவைப் பொய் என்று மென்பொருள் ஒதுக்கிவிட்டது. தரைக்கு வந்துவிட்டதாக நினைத்து 5 கிலோமீட்டர் உயரத்தில் எரிபொருள் தீரும்வரை மிதந்தது. இடத்தை மாற்றியதில் குற்றம் இல்லை. மாற்றினால் பழைய சோதனைகளெல்லாம் காலாவதி ஆகிவிடுகின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, எது சரியாக நடக்கும் என்று சோதிப்பதோடு நிற்காமல், எது கெட்டுப்போனாலும் தாங்குமா என்று சோதியுங்கள். சந்திரயான்-2 லேண்டர் 2019 செப்டம்பரில் விழுந்தபின், விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் தலைமையில் அடுத்த கலமான சந்திரயான்-3ஐ இந்த எண்ணத்தில்தான் செய்தார்கள். இறங்கும் இடம் 500 மீட்டர் சதுரமாக இருந்ததை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். ஐந்து எஞ்சினை நான்காக்கினார்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையில் மோதினாலும் தாங்கும்படி கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளும் சூரியத் தகடும் கூடின. மொத்தம் சுமார் 615 கோடி. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் அது இறங்கியபோது என் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் இருந்தோம். கீழே வரும் வேகம் எழுதியிருந்த எண்ணை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் தூரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள் ஆசாதிசாட் செயற்கைக்கோளில் பங்கெடுத்தார்கள். 75 பள்ளிகளிலிருந்து 750 பிள்ளைகள் சேர்ந்து செய்தது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட்டின் முதல் பயணத்தில் ஏறியது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது வந்த குறுகிய அதிர்வில் வேக மாற்றத்தை அளக்கிற முடுக்கமானிகள் திணற, எல்லாமே பழுது என்று ராக்கெட்டின் மென்பொருள் முடிவுகட்டி மாற்று வழிக்குப் போனது. வேகம் போதவில்லை, செயற்கைக்கோள்கள் நிலைக்காத பாதையில் விடப்பட்டுப் போய்விட்டன. பிள்ளைகள் செய்ததில் குறை எதுவும் இல்லை. ஆறு மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது. முதல் கருவியின் வரைபடம், மென்பொருள், சோதனைக் குறிப்பு எல்லாவற்றையும் அப்படியே எடுத்து அடுத்ததைச் செய்யும்படி வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சிக்கனமான திட்டத்துக்கு இரண்டாவது தடவை என்பது தனி ஆஸ்தி.

கட்டை போடுகிறவர்

சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வரும்போது எல்லோரும் வடத்தைப் பார்ப்பார்கள். நான் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களைப் பார்ப்பேன். ஆயிரம் பேர் இழுக்கிறார்கள், தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தச் சிலர் கையிலுள்ள மரத்துண்டு. பேச்சில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் வசவு. ஆனால் அந்தக் கட்டை இல்லாவிட்டால் வீதி முனையில் வீடுகள் இருக்காது.

சின்னக் குழுவில் எல்லோரும் வடம் பிடிக்கிறவர்கள், எல்லோருக்கும் அவசரம். ஆகவே ஒருவரைக் கட்டை போடுவதற்கென்றே நியமியுங்கள். அவருக்குத் திட்டத்தில் வேறு வேலை இருக்கக் கூடாது. அவர் 'நிற்கட்டும்' என்றால் காரணத்தை எழுதி, சோதனை முடிந்து, அவரே எடுத்தால்தான் நகர வேண்டும். எங்கள் குழுவில் அது இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு மாணவி, உசிலம்பட்டிப் பக்கம். மென்மையாகப் பேசுவாள், ஆனால் கையெழுத்தில்லாத தாளைத் தொட மாட்டாள். நான் போன தடவை ஒரு கனெக்டரை 'இதெல்லாம் பரவாயில்லை' என்று மாட்டப் போனபோது, "மேடம், பிரிச்சு மாட்டுனா மறுபடி டெஸ்ட்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள். மறுபடி சோதித்தோம்.

ரிவ்யூக்களைக் குறைவாக வையுங்கள், நீளமாக வையுங்கள். நான்கு போதும்: வாக்கியம் முடிவானதும், வரைபடம் முடிந்ததும், சோதனைக்குப் போகும் முன், அனுப்பும் முன். திரையில் ஸ்லைடு காட்டுவதைவிட மேசையில் கருவியை வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

மேலே போன பிறகு

மலிவுத் திட்டங்களில் ஏவிய பிறகு ஆகும் செலவை எழுத மறந்துவிடுகிறார்கள். இரவுப்பணி, ஆன்டெனா நேரம், தரவைப் படிக்க ஆள் எல்லாம் அதில் வரும். மங்கள்யானுக்குத் திட்டமிட்ட ஆயுள் ஆறு மாதம், அது 2022 வரை, ஏறத்தாழ எட்டு வருடம் தாக்குப்பிடித்தது. நல்ல செய்திதான், ஆனால் யாரோ ஒருவர் அத்தனை நாளும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தூரத்தில் இருக்கும் கலத்தை இங்கிருந்து ஓட்ட முடியாது. மங்கள்யான் செவ்வாயை அடைந்த நாளில் சைகை ஒருவழியாக வர 12 நிமிடத்துக்கு மேல். அதனால் கட்டளைகளை முன்கூட்டியே ஏற்றிவிட்டார்கள். எஞ்சின் ஏறத்தாழ 300 நாள் சும்மா இருந்தது. அதை நம்பி விடாமல், 2014 செப்டம்பர் 22 அன்று சுமார் நான்கு விநாடி மட்டும் எரித்துப் பார்த்தார்கள். அது கிளம்பாவிட்டால் என்ன செய்வதென்று எட்டுச் சின்ன எஞ்சின்களை வைத்து ஒரு மாற்றுத் திட்டமும் தயாராக இருந்தது. இரண்டு நாள் கழித்து, 24 அன்று பெரிய எஞ்சினே வேலை செய்தது.

கீழிருந்து மென்பொருளைத் திருத்த வழி வைத்திருப்பதும் உங்கள் சிக்கனத்தில் ஒரு பகுதிதான். பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கிய சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி மறுபடி ரீசெட் ஆனது. முக்கியமான வேலை ஒன்று, முக்கியமில்லாத வேலை ஒன்று பிடித்துவைத்திருந்த பூட்டுக்காகக் காத்துக்கிடந்தது, நடுவில் மூன்றாவது வேலை புகுந்து அந்தப் பூட்டை விடவிடாமல் செய்தது. தரையில் வைத்திருந்த இரட்டைக் கருவியில் அதே பிழையை வரவழைத்துப் பிடித்து, ஓர் அமைப்பை மாற்றி அனுப்பினார்கள், சரியாயிற்று. ஆகவே இரண்டு கருவி செய்யுங்கள். ஒன்று மேலே போகட்டும், ஒன்று உங்கள் மேசையில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இரண்டாவதற்குப் பணமில்லை என்றால் கேமராவை எடுத்த மாதிரி இன்னொன்றை எடுங்கள்.

எங்கே தொடங்குவது

கல்லூரிக் குழுவாக இருந்தால் சொந்தச் செயற்கைக்கோள் செய்ய ஆசைப்படாதீர்கள், முதல் தடவை வேண்டாம். பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் அடுக்கு, தன் வேலை முடிந்த பிறகும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதையே ஒரு மேடையாக்கி அதன்மேல் சின்னக் கருவிகளைப் பொருத்த இடம் கொடுக்கிறார்கள். போயம் என்று பெயர். 2022 ஜூன் 30 அன்று முதல் போயம் போனது. மின்சாரம், தொடர்பு, திசை பிடித்து நிற்பது எல்லாம் மேடையே பார்த்துக்கொள்ளும், உங்கள் கருவியை மட்டும் நீங்கள் செய்தால் போதும். அனுமதிக்கும் வாய்ப்புக்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். தனியாரும் கல்லூரிகளும் உள்ளே வரவென்றே 2020இல் உருவானது அது. தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம்.

விண்ணப்பத்துக்கு முன் கையில் மூன்று தாள் இருக்கட்டும். ஒன்றில் அந்த ஒற்றை வாக்கியம். இரண்டாவதில் ஒயர், ஸ்க்ரூ உட்பட எடைக் கணக்கு. மூன்றாவதில் சோதனை நடக்கும் வாரங்கள் அடைத்த காலண்டர், அதன் கீழே கட்டை போடுகிறவரின் பெயர். எங்கள் காலண்டரில் அடுத்த வாரம் இரண்டாவது கருவிக்கான அதிர்வுச் சோதனை. தகட்டில் புது ஓட்டை போட்டு, சரியான போல்ட் வாங்கியாகிவிட்டது. திங்கள்கிழமை காலை புதூர் பட்டறையில் போய் எடுக்க வேண்டும், போகும்போது அளவு பார்க்கிற வெர்னியரையும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.